ஆறு எண்கள்

இன்னும் பதினெட்டு இரவுகள் பாக்கி. கோப்புகள் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் சுகிர்தாவுக்கு அவை இரவுகளாகவே பழகிவிட்டன. சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கி விடிகாலை ஆறு மணிக்கு முடியும் தவளைச் சத்தம் ஒரு கோப்பு. அதைக் கேட்டு முடிக்க எங்கேயோ இருக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஏழு நிமிஷம், சில சமயம் எட்டு. எட்டென்றே வைத்துக்கொண்டாலும் நாலரை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும், நாலு நாற்பதுக்குத் தொண்ணூறு நாள் கெடு தீர்கிறது. இப்போது மணி இரண்டு பத்து. சனிக்கிழமை மதியம், கல்லூரியில் யாரும் இல்லை, விலங்கியல் ஆய்வகத்தின் நீள மேஜையில் அவளும் மடிக்கணினியும் மட்டும். பின்னால் அலமாரியில் கண்ணாடிக் குப்பிகளுக்குள் பாம்பும் ஓணானும் வெளுத்துப்போய் நின்றன. ஃபார்மலின் வாசம் முதல் வருஷம் தலைவலி தந்தது, இப்போது வீட்டில் அது இல்லாவிட்டால்தான் ஏதோ குறைகிறது. பதினோரு வருஷம். கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். நாகர்கோவிலைச் சுற்றி நாலு குளக்கரைகளில் பனைமரத்தில் கைக்கடக்கமான ஒலிப்பதிவுக் கருவிகளைக் கட்டிவைத்து, இரண்டு மழைக்காலம் முழுக்க வாரத்துக்கு ஒரு தடவை போய் பேட்டரி மாற்றி, அட்டைப்பூச்சி கடித்து, வயல்காரன் ஒருவன் “எம்மா, மரத்துல என்ன கேமராவா வைக்குத” என்று சண்டைக்கு வந்து, அப்படிச் சேர்த்த எண்ணூற்று எழுபது இரவுகள். மலையடிவாரத்தில் மட்டுமே இருப்பதாக எல்லோரும் எழுதிவைத்திருக்கும் ஒரு சிறு மரத்தவளை ஊருக்குள்ளும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இரண்டு கூழாங்கல்லைத் தட்டினாற்போல ஒரு குரல், இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி இரண்டு தட்டு. காதால் கேட்டுப் பார்த்தால் ஆயுசு போதாது, துறையில் இருக்கிற கம்ப்யூட்டரில் போட்டால் அது மூச்சுத் திணறி அணைந்துவிடுகிறது. அதனால்தான் இந்த இரவல் கம்ப்யூட்டர்.

அது எந்த ஊரில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஏதோ ஒரு கம்பெனி, உலகத்தில் எங்கேயோ பெரிய கட்டடத்தில் ஆயிரக்கணக்கில் அடுக்கிவைத்து வாடகைக்கு விடுகிறது. புதிதாக வருகிறவர்களுக்குத் தொண்ணூறு நாள் சும்மா, செலவழிக்க ஒரு தொகையும் அவர்களே தருகிறார்கள், கெடு முடிந்தும் எதையாவது ஓடவிட்டால் அன்றிலிருந்து கார்டில் பிடிப்பார்கள். திரையின் மேல் ஓரத்தில் அந்தத் தொகை எவ்வளவு மிச்சம் என்று ஒரு பச்சைக் கோடு காட்டிக்கொண்டேயிருக்கும். அந்தக் கோட்டில் பாதிக்கு மேல் இன்னும் தொடாமல் கிடந்தது. இன்று நாலு நாற்பதுக்கு அது அப்படியே இல்லாமல் போகும். பெரிய கம்ப்யூட்டரை எடுத்திருந்தால் அறுபதாம் நாளே வேலை முடிந்திருக்கும், அது அவளுக்குத் தெரியும். முதல் மாதம் ஒன்றும் தெரியாமல் தடுமாறினாள், வீடியோக்களைப் பார்த்து ஒவ்வொரு வரியாக எழுதிப் படித்தாள், தவளை என்று நினைத்து அது தண்ணீர் மோட்டாரின் சத்தத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது, அதெல்லாம் சரி. இரண்டாம் மாதம் எல்லாம் பிடிபட்ட பிறகும் சின்னதிலேயே ஓட்டினாள். தொகை தீர்ந்துவிடக் கூடாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கோடு பாதியில் நிற்கிறது, யாரிடம் சொல்லி என்ன. அவள் நாட்களைத்தான் நீட்டிக்கொண்டிருந்தாள். ஏனென்றால் ஒவ்வொரு நாளும் உள்ளே நுழைய ஒரு கோட் வேண்டும், ஆறு எண்கள், அது பெனிட்டாவின் போனுக்குத்தான் போகும்.

பெனிட்டா, தங்கச்சி, எட்டு வயது இளையவள், பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சுகிர்தாவிடம் இருந்த ஏ.டி.எம். கார்டை வாடகைக் கம்பெனி ஏற்கவில்லை, மூன்று தடவை முயன்றும் சிவப்பு எழுத்துதான் வந்தது. கிரெடிட் கார்டு உள்ளவர்கள் அவளுக்குத் தெரிந்தவர்களில் துறைத் தலைவர் ஒருவர், அவரிடம் கேட்டால் கட்டுரையில் அவர் பெயர் முதலில் வரும். சித்தி மகனிடம் கேட்கலாம், கேட்டால் ஊரெல்லாம் தெரியும். இரண்டு நாள் யோசித்து, ஒரு விண்ணப்பம் எழுதுவதுபோல எழுதி அனுப்பினாள், இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக. பெனிட்டா, ஒரு உதவி, உனக்குச் சிரமமில்லை என்றால். மறுநாள் மாலை பதில் வந்தது. கணக்கை அவளே தன் பெயரில், தன் நம்பரில், தன் கார்டைப் போட்டுத் தொடங்கி பாஸ்வேர்டை அனுப்பியிருந்தாள். கீழே ஒரு வரி, “கார்டுல காசு போகாம பாத்துக்க. 90 நாள்ல மூடிடு.” தொண்ணூறு நாளில் அவள் எழுதிய நீளமான வாக்கியம் அதுதான். அதற்குப் பிறகு எல்லாம் எண்கள். காலை பதினோரு மணிக்கு, இரண்டாம் பீரியட் முடிந்ததும், சுகிர்தா “கோட்” என்று அனுப்புவாள். சில நாள் உடனே, சில நாள் பத்து நிமிஷம் கழித்து, ஆறு எண்கள் வரும். வணக்கமில்லை, சாப்பிட்டியா இல்லை. ஆனாலும் அந்த ஆறு எண்களை அவள் நகல் எடுத்து ஒட்டமாட்டாள், பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக அடிப்பாள், தங்கச்சி இப்போதுதான் கையில் எடுத்துக் கொடுத்த சாமான்போல. முப்பத்தோராம் நாள் எண்களுக்குப் பிறகு “ம்” என்று ஒன்று வந்தது. அது எதற்கான ம் என்று சாயங்காலம் வரை யோசித்தாள். நாற்பத்து மூன்றாம் நாள் எண்களோடு சேர்ந்து நாலு வினாடி ஒலிச்செய்தி ஒன்று தவறுதலாக வந்து விழுந்தது. ஒரு குழந்தையின் இரைச்சல், ஏதோ டப்பா தரையில் விழுவது, தூரத்தில் பெனிட்டா “நவோமி, வேண்டாம்” என்பது. நவோமி என்ற பெயரை அதற்கு முன்பே சித்தி மகன் வைத்த ஸ்டேட்டஸில் படித்திருக்கிறாள், ஆனால் பெனிட்டாவின் வாயில் கேட்டது அன்றுதான். தவளைச் சத்தத்தைப் பிரித்துக் காட்டும் மென்பொருளில் அந்த நாலு வினாடியைப் போட்டு, இரைச்சலைக் குறைத்து, மறுபடி மறுபடி கேட்டாள். செய்யக் கூடாத ஏதோ ஒன்றைச் செய்கிற கூச்சம் இருந்தது, இருந்தும் கேட்டாள்.

அக்டோபர் 5, சானல்கரைக் குளம், இல்லை. அக்டோபர் 6, சானல்கரைக் குளம், இருக்கிறது, பதினான்கு தடவை. திரையில் ஒவ்வொரு வரியாக ஏறிக்கொண்டிருந்தது. இருக்கிறது என்று வரும்போது நெஞ்சுக்குள் லேசாக ஒரு தட்டு. எண்ணூற்றைம்பது இரவுகளில் ஐம்பத்தெட்டு இரவுகளில் இருக்கிறது. மலையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு இப்பால், வாழைத்தோப்புக்கும் மீன்சந்தைக்கும் நடுவில், இல்லை என்று எல்லோரும் எழுதிவைத்த இடத்தில் அது இருந்திருக்கிறது, கூப்பிட்டுக்கொண்டும் இருந்திருக்கிறது. போன வாரம் முதல் ஐம்பது வந்தபோது துறைத் தலைவருக்கு அனுப்பினாள், கட்டைவிரலை உயர்த்திய ஒரு படம் வந்தது. வீட்டுக்குப் போய் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, கூடத்தில் அப்பாவின் நாற்காலியைப் பார்த்து நின்றாள். சொல்வதற்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான், புரிந்துகொள்ளக்கூட வேண்டாம். உளுந்தஞ்சோறு பொங்கினாள், ஒருத்திக்குப் பொங்குகிற அளவு இன்னும் கைக்கு வரவில்லை, மறுநாளும் அதையே தின்றாள். நாளையிலிருந்து கோட் கேட்க வேண்டியதில்லை. பதினோரு மணிக்கு என்ன செய்வது. திங்கட்கிழமை பதினோரு மணி என்று ஒன்று வரும், இரண்டாம் பீரியட் முடியும், கையைக் கழுவிவிட்டு வந்து உட்காருவாள், போனை எடுப்பாள். இரண்டு வருஷம் ஒன்றுமில்லாமல் இருந்தவள்தானே, அப்போது இருக்க முடிந்தது இப்போது ஏன் முடியாது. ஒன்றுமே கிடைக்காமல் இருப்பது வேறு, தினம் ஆறு எண் கிடைத்துப் பழகிய பிறகு இல்லாமலிருப்பது வேறு.

வேலை முடிந்து இரவல் கம்ப்யூட்டரைக் கணக்கிலிருந்து அழிக்கும்போது அது ஒரு கேள்வி கேட்கும், முன்பு ஒரு தடவை தவறாகத் தொடங்கியதை அழித்தபோது பார்த்திருக்கிறாள். கோப்புகள் இருக்கிற டிஸ்க்கையும் சேர்த்து அழிக்கவா, பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் போடாவிட்டால் கம்ப்யூட்டர் போய்விடும், டிஸ்க் மட்டும் அங்கேயே தங்கும். தங்கினால் மாதம் ஒரு சிறு தொகை, ஒரு மீன்சாப்பாட்டு விலை, கார்டில் பிடிப்பார்கள். பிடித்ததும் பெனிட்டாவின் போனுக்குச் செய்தி போகும். அவள் கூப்பிடுவாள். என்ன இது, மூடிடுன்னு சொன்னேன்லா, என்று திட்டுவாள். திட்டட்டும். திட்டுவதற்காவது குரல் வேண்டுமே, எண்களில் திட்ட முடியாது. ஐயோ தெரியாம விட்டுட்டேன், எப்படி அழிக்கதுன்னு சொல்லு, என்று இவள் கேட்கலாம், அவள் சொல்லித்தருவாள், அதில் ஒரு கால் மணி நேரம் போகும். இந்த யோசனை புதன்கிழமை முதலில் வந்தது, துணி காயப்போடும்போது, ஒரு விளையாட்டுப்போல. வியாழக்கிழமை அதுவே தானாக வந்தது. நேற்று ஆலயத்தில் செபத்துக்குக் கண்ணை மூடியபோதும் அந்தச் சின்னக் கட்டம்தான் தெரிந்தது. ஆனால் பெனிட்டா கூப்பிடாமலே இருந்துவிட்டால்? செய்தியைப் பார்த்து, அக்கா விட்டுவிட்டாள், போகட்டும், என்று மாதாமாதம் சத்தமில்லாமல் கட்டிக்கொண்டிருந்தால்? பெனிட்டா அப்படிச் செய்யக்கூடியவள்தான்.

“மேடம், இன்னும் போகலியா?” வாசலில் புஷ்பபாய், ஆய்வக உதவியாளர், சாவிக்கொத்தோடு. குளச்சல் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவள். “நான் அஞ்சு மணிக்குப் பூட்டிட்டு ஓடணும் பாத்துக்கிடுங்க. எனக்க தம்பிக்க வீட்டுல செபக்கூட்டம்.”

“நாலே முக்காலுக்கு முடிஞ்சிரும் புஷ்பபாய்.”

“சனியாச்சையும் வந்து இருந்து இப்பிடிச் செய்யுதீங்களே, வீட்டுல ஆரும் தேட மாட்டாவளா?” கேட்டுவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்பாவின் அடக்கத்துக்கு வந்தவள்தானே அவளும். “இல்ல, சும்மா கேட்டேன். சாயா வாங்கிட்டு வரட்டா?”

“வேண்டாம். நீங்க இருங்க, முடிஞ்சதும் கூப்பிடுகேன்.”

செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்து போயிற்று. அக்டோபர் 11. அக்டோபர் 12. இந்தப் பதினெட்டு இரவுகளையும் கடைசிக்கு ஒதுக்கியதும் அவள்தான். அடுக்கும்போது வரிசைப்படி நடுவில் வந்திருக்க வேண்டிய மாதம், எடுத்துக் கடைசியில் போட்டாள், தேதி குழம்பக் கூடாது என்று ஏதோ ஒரு காரணத்தை நோட்டில் எழுதியும் வைத்தாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷத்து அக்டோபர். பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில் அப்பா குளியலறையில் விழுந்தார். தலையில் ரத்தம் கசிந்திருக்கிறது, இரண்டு நாள் பார்ப்போம் என்றார்கள். வியாழன் விடியுமுன் போய்விட்டார். அந்த இரண்டு நாளும் பெனிட்டாவுக்குச் சொல்லவில்லை. ஏழு மாதம் அவளுக்கு, முன்பு இரண்டு தடவை கலைந்த உடம்பு, அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். புதன்கிழமை சாயங்காலம் அவளே கூப்பிட்டு அப்பா எங்க என்று கேட்டபோது தூங்குதாரு என்றாள். வியாழக்கிழமை பெனிட்டா காரிலேயே வந்தாள், அத்தனை தூரமும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பெட்டிக்குள் அப்பாவைப் பார்த்து நின்றாள், அழவில்லை. பிறகு சுகிர்தாவின் பக்கம் திரும்பி, “ஒரு நாள் முன்னால சொல்லியிருந்தா போதும்,” என்றாள். அவ்வளவுதான். இந்த வாடகைக் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன் முகம் தெரியாதவன், அவன் எத்தனை தடவை சொன்னான். உங்கள் காலம் முடிய முப்பது நாள், பதினைந்து நாள், ஏழு நாள், நாளை. ஒவ்வொன்றும் வரும்போது கன்னத்தில் அறைவது போலிருந்தது. குழந்தைக்காகத்தானே சொல்லவில்லை. டாக்டர் சொன்னதால்தானே. சித்தியிடம் அதைச் சொன்னாள், போதகரிடம் சொன்னாள், எல்லோரும் நீ செய்ததுதான் சரி மக்களே என்றார்கள். இரண்டு வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லி, அது வழவழப்பாகிவிட்டது, பிடித்தால் வழுக்குகிறது.

அக்டோபர் 17 என்று திரையில் வந்தபோது மணி நாலு இரண்டு. அந்தக் கோப்பின் நகல் அவளுடைய ஹார்ட் டிஸ்க்கிலும் இருந்தது, இதுவரை திறந்ததில்லை. ஹெட்போனை மாட்டித் திறந்தாள். இரவு எட்டு மணி என்று ஒரு இடத்தில் வைத்தாள். மழை. மழைக்குள் தவளைகள், நூறோ இருநூறோ, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கத்தின. அந்த மழையை அவள் வேறொரு இடத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள், ஆஸ்பத்திரி வார்டுக்கு வெளியே சைக்கிள் ஷெட்டின் தகரத்தில் விழுந்த அதே மழை, ஜன்னல் பக்கம் அப்பாவின் கட்டில், டெட்டால் வாசம், அப்பாவின் இடது கை அவள் கைக்குள். நினைவு இல்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னாள். நினைவு இருந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் பேச்சு வந்தது. பெனி எங்க, என்றார். பெனிக்குப் போன் போடு. டாக்டர் அசையக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு அப்பா, என்றாள் முதல் தடவை. சரி, பேசட்டும், கொரல கேட்டா போதும், என்றார். பேசினால் குழந்தைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அப்பாவுக்குக் காய்ச்சல், ஒரு ஊசி போட்டிருக்கு, இந்தா பேசு, என்று காதில் வைத்திருக்கலாம். அவள் போனை எடுத்தாள். அப்பா பார்க்க, பட்டனை அமுக்காமல் காதில் வைத்துக்கொண்டாள். தகரத்தில் மழை அடித்தது. பிறகு, “போட்டேன், எடுக்கல,” என்றாள். எவ்வளவு இயல்பாக வந்தது அந்தக் குரல். பதினாறு வருஷம், அம்மா போனதிலிருந்து, இட்லி அவித்து, சுகர் மாத்திரை எடுத்துக்கொடுத்து, நகம் வெட்டி, வந்த இரண்டு சம்பந்தத்தையும் அப்பா தனியாக இருப்பாரே என்று தட்டிக்கழித்து, கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவள் இவள், பிடித்த கைக்குள் இருந்துகொண்டு அவர் கேட்டது பெனியை. ஒரு தடவையாவது சுகிர்தா என்று சொல்லிவிட்டால் போட்டுக்கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். அதை அப்படியே, சொற்களாக, அந்த இரவில் நினைத்தாள். அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு என்ன, இவள்தான் பக்கத்தில் இருந்தாளே.

ஹெட்போனைக் கழற்றியபோது திரை வெள்ளையாக இருந்தது. நெடுநேரம் ஆகிவிட்டதால் வெளியேற்றப்பட்டீர்கள், மீண்டும் உள்ளே நுழையவும். நாலு பதினொன்று. கம்ப்யூட்டர் அங்கே ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் முடிவுகளை எடுக்கவும் அழிக்கவும் கோட் வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டாவது தடவை அவள் கேட்டதேயில்லை. “கோட்” என்று அனுப்பினாள். ஒற்றை டிக். இரண்டு டிக். சனிக்கிழமை, கடைக்குப் போயிருப்பாள், போன் பையில் கிடக்கும், அல்லது பார்த்துவிட்டு எதற்கு மறுபடி என்று வைத்திருப்பாள். நாலு பதினைந்து. அழிக்க முடியாமலே நேரம் போய்விட்டால் முழுக் கம்ப்யூட்டருமே கார்டில் ஏறும், அப்போது அது சாப்பாட்டு விலை அல்ல, அவள் வேண்டுமென்று விட்டதாகவும் இருக்காது, தப்பே செய்யாமல் தப்பு நடந்துவிடும். அந்த நினைப்பில் ஒரு சுகம் இருந்தது, அந்தச் சுகத்தைக் கண்டு அவளுக்கே பயமாக இருந்தது. நாலு இருபத்தொன்றுக்கு எண்கள் வந்தன. அடித்தாள். காலாவதியாகிவிட்டது என்றது, ஐந்து நிமிஷம்தான் அதன் ஆயுசு. “பழசாயிட்டு. இன்னொண்ணு” என்று எழுதி அனுப்பிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். போன் அடித்தது. திரையில் பெயர், பெனிட்டா. மேஜை அதிர்ந்தது, குப்பிகளுக்குள் திரவம் அசைவதுபோல அவளுக்குத் தோன்றியது.

“கோட் சொல்றேன். மெசேஜ் லேட்டாகுது. எழுதிக்கோ.”

ஒலிச்செய்தியில் தூரத்தில் கேட்ட குரல் இல்லை இது, காதுக்குள்ளேயே. கொஞ்சம் கனத்திருந்தது. ஏழு, ஒன்று, ஒன்று, நாலு, சைபர், ஆறு. சுகிர்தா அடித்தாள். உள்ளே போயிற்று. “போயிட்டு,” என்றாள், தன் குரல் தனக்கே அந்நியமாக.

“எல்லாம் மூடிட்டுச் சொல்லு. நான் லைன்ல இருக்கேன். இதுல எதையாவது விட்டா அவன் பிடிச்சிட்டே இருப்பான்.”

எண்ணூற்று எழுபதும் முடிந்திருந்தது. கடைசிக் கோப்பு பாதிதான், பத்தொன்பதாம் தேதி பேட்டரி தீர்ந்திருக்க வேண்டும். முடிவுகளை இறக்கினாள், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, இரண்டு மழைக்காலமும் ஒரு போட்டோவின் அளவுக்குச் சுருங்கி வந்து சேர்ந்தன. மறுமுனையில் ஒரு குழந்தை ஏதோ கேட்டது, பெனிட்டா போனைப் பொத்திக்கொண்டு பதில் சொன்னாள். கம்ப்யூட்டரை அழி. நிச்சயமாகவா. ஆம். பக்கத்தில் அந்தச் சின்னக் கட்டம், காலியாக. டிக் போடாமல் அப்படியே அடுத்த பட்டனை அமுக்கினாள், அமுக்கியது தான்தானா என்று தெரியாத வேகத்தில். கம்ப்யூட்டர் போய்விட்டது. டிஸ்க் மட்டும் ஒரு தனி வரியாக நின்றது.

“ஆச்சா?”

“ம்.”

“டிஸ்க்கையும் அழிச்சிட்டியா? அது தனியா நிக்கும், பாத்துக்கோ.”

அழிச்சாச்சு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதன் ஏற்ற இறக்கம்கூடத் தயாராக இருந்தது, சாதாரணமாக, கொஞ்சம் அலுத்த மாதிரி. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். போட்டேன், எடுக்கல. அதே ஆள்தான் அதே இடத்திலிருந்து பேச எழுந்து வருகிறாள், இரண்டு வருஷம் உள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டு.

“இல்ல, நிக்குது. இரு,” என்றாள். அந்த வரியைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். பட்டியல் காலியானது. இங்கே ஒன்றுமில்லை என்று அந்தப் பக்கம் சொன்னது. மணி நாலு முப்பத்து மூன்று. “இப்ப ஒண்ணும் இல்ல. எல்லாம் அழிச்சாச்சு.”

“சரி. கெடச்சுதா, நீ தேடுனது?”

அவள் கேட்பாள் என்று நினைக்கவேயில்லை. “கெடச்சுது. அறுபத்தொரு ராத்திரியில இருக்கு.”

“நல்லது,” என்றாள் பெனிட்டா. இப்போது வைத்துவிடுவாள். நல்லது என்பதோடு வைத்தால் அது ஒரு நல்ல முடிவு, ஒரு மாதம் கழித்துக் கட்டுரை வந்ததும் அனுப்பலாம், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து, அப்படி அப்படியே மெல்ல மெல்ல ஒருநாள் நவோமியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாலும் நிற்பாள். உண்மையைச் சொன்னால் இதில் ஒன்றும் நடக்காது. சொல்லாவிட்டால் அப்பா கடைசியாகக் கேட்டது யாரை என்பது பெனிட்டாவுக்கு ஆயுசு முழுக்கத் தெரியாது. அது அவளுடையது, இவள் எடுத்து வைத்திருக்கிறாள்.

“பெனி. வச்சிராத.”

“என்ன?”

“அப்பாக்கு நெனவு இருந்திச்சு. ரெண்டு நாளும் இருந்திச்சு. நெனவு இல்லன்னு நான் எல்லார்ட்டயும் பொய் சொன்னேன். அவரு ஒன்னக் கேட்டாரு. போன் போடுன்னாரு. நான் போடல. போட்டேன், நீ எடுக்கலன்னு அவர்ட்ட சொன்னேன்.” மூச்சு வாங்கியது. நிறுத்தினால் பிறகு வராது. “ஒனக்க வயித்துல இருந்த பிள்ளைக்காக இல்ல. அவரு ஒன்னயே கேட்டாரு, என்னைக் கேக்கல. அதனால.”

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. காதில் வைத்தாள். ஒரு கதவு சாத்தப்படும் சத்தம், குழந்தையின் குரல் அந்தக் கதவுக்கு அப்பால் போயிற்று. வாசலில் புஷ்பபாய் வந்து நின்று, இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் கைக்குள் இறுக்கிக்கொண்டு வராந்தா பெஞ்சுக்குப் போய்விட்டாள். ஆறு நிமிஷம் இருக்கலாம், பத்து இருக்கலாம். பெனிட்டா அழுகிறாளா என்றும் தெரியவில்லை, மூச்சு மட்டும் வந்துபோயிற்று. மன்னிச்சிரு என்று சொல்லலாம் என்று நினைத்தாள், அது மறுபடி தனக்காகக் கேட்பது என்று தோன்றியது, விட்டுவிட்டாள்.

“நான் எடுக்கலன்னு நெனச்சிட்டே போனாரா,” என்றாள் பெனிட்டா கடைசியில். கேள்வியாக இல்லை.

“ஆமா.”

“இதுக்கு நான் என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியல. இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது என்னால.”

“சொல்லாண்டாம்.”

“என்னன்னு கேட்டாரு? அவரு சொன்னத அப்படியே சொல்லு. நீ உன் வார்த்தைல சொல்லாத. அவரு எப்படிச் சொன்னாரோ அப்படி. முதல்லயிருந்து.”

எப்போதோ எழுந்து நின்றிருந்த சுகிர்தா மறுபடி மேஜையருகே முக்காலியில் உட்கார்ந்தாள். கண்ணை மூடினால் முகம் வரும் என்று மூடினாள், வந்தது, கோணிய வாயும் நரைத்த தாடி முளையும், ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுமாக.

“செவ்வாக்கெழம சாயங்காலம் முழிச்சாரு,” என்றாள். “ஒரு வாய் வெந்நி குடிச்சாரு. குடிச்சிட்டு, பெனி வந்தாச்சா, அவளுக்கு எடம் விட்டு உக்காருன்னு சொன்னாரு.”